அண்ணன் கொடுத்த அணுக்கள்

ரெங்கம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் கிடையாது. இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்கு இறங்கினால், நாற்று முற்றிப்போயிருந்தாலும் பேச்சு, வயல் மேடுபள்ளமாகக் கிடந்தாலும் பேச்சு. அப்பேர்ப்பட்டவள் பிறந்த வீட்டை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வருடம் அண்ணன் இளையபெருமாள் பொங்கல் சீரோடு கொண்டுவந்த பானை ஒழுகியது. மாவை அப்பிப் பொங்கிவிட்டு, பானை அருமை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சீரைக் குறை சொன்னால் அண்ணன் முகம் வாடிவிடும், அதை அவளால் பார்க்க முடியாது.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வானதி பொறுமையாகத்தான் விளக்கினார். உடம்பில் நோயோடு சண்டை போடுகிற அணுக்கள் உண்டு. அவை எல்லை மீறாமல் பிடித்து நிறுத்துகிற அணுக்களும் உண்டு.

"உங்களுக்குப் புடிச்சு நிறுத்துறது கூடிப்போச்சும்மா. அதனால சண்டை போட வேண்டியது சும்மா நிக்குது."

சண்டையை விலக்கிவிடுகிறவன் நல்லவன்தானே, அவன் கூடினால் நோய் எப்படி வளரும்? எவ்வளவு யோசித்தும் ரெங்கம்மாளுக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

கூடப் பிறந்தவர் யாருடைய அணுக்களையாவது ஏற்றினால்தான் பிழைப்பாள் என்றார்கள்; அண்ணனுடையவை பொருந்தின. புரட்டாசியில் சென்னையில் வைத்து அவளுக்கு ஏற்றினார்கள். "இனிமே ஒன் ஒடம்புல ஓடறது என் ரத்தம்" என்று இளையபெருமாள் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதைவிடப் பெரிய சீர் எந்த அண்ணன் கொடுத்திருக்கிறான்!

ஊர் திரும்பியதும் வானதி எச்சரித்தார். "அண்ணனோட அணு உங்க உடம்பையே அந்நியம்னு நெனச்சுத் தாக்கலாம். புடிச்சு நிறுத்துறது கொறைஞ்சா அப்படி ஆகும். தோல் செவந்தா உடனே வரணும்."

முன்னே கூடிப்போச்சு என்றார்கள், இப்போது குறையக் கூடாது என்கிறார்கள். எதைத்தான் நம்புவது? குழம்பிய தலையில் ஒன்று மட்டும் பதிந்தது. தோல் சிவந்தால் அது அண்ணன் கொடுத்ததன் வேலை.

மார்கழியில் உள்ளங்கை சிவந்து உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னால் சீரில் பழுது என்று ஊரறியச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இளையபெருமாள் கரும்பும் மஞ்சள்கொத்தும் பச்சரிசியுமாக வந்தார். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு தாம்பாளத்தை வாங்கினாள். அவர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். தாம்பாளத்தை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தஞ்சாவூருக்கு ஒரு காரைப் பிடித்தார்.

வானதிக்குக் கோபம். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா கல்லீரலுக்குப் போயிருக்கும். உயிரே போயிருக்கும்மா. ஏன் சொல்லல?"

ரெங்கம்மாள் அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பொறந்த வீட்டுலேருந்து வந்தத எப்படிக் குத்தம் சொல்றது?"

வானதி அந்தக் கையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு மாத்திரை எழுதினார். "அண்ணனோடத இப்பக் கொஞ்சம் அடக்குறேன். முழுசா அடக்க மாட்டேன். மிச்சம் இருக்கற நோயத் தேடிப் புடிக்கிறதும் அதுதான்."

அடிக்கிறதும் அதுவே, காக்கிறதும் அதுவே என்றால் அதை என்னவென்று சொல்வது? ரெங்கம்மாளுக்கு முன்னைவிடக் குழப்பம் கூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் இளையபெருமாள் அவள் பக்கம் திரும்பினார். "ஊரையே பேசறவ. நான் கொடுத்தது சரியில்லைன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லி, திருப்பி அனுப்ப வேண்டியதுதானே."

உரிந்த கையை அவர் மடியில் வைத்தாள்.

"அத அனுப்பிட்டா, அப்புறம் நான் ஏதுண்ணே?"