ஆல்ட்டும் ஜேயும் சேர்ந்தால்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டச்சு செய்யும்போது கையெழுத்து புரியாமல் நின்றால், என் விரல்கள் கீபோர்டில் ஆல்ட்டையும் ஜேயையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருக்கும். சிலர் பேனாவைக் கடிப்பார்கள், சிலர் காலை ஆட்டுவார்கள், எனக்கு இது. சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடையில், என் கம்ப்யூட்டரில் அடிக்கிற எடிட்டர் சாஃப்ட்வேரில் அந்த ஷார்ட்கட்டுக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. எத்தனை முறை தட்டினாலும் அது பேசாமல் இருக்கும்.

பேசாமல் இருப்பதன் அருமை, பல எடிட்டர்களிடம் அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும். முன்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கடையில் இருந்தேன். அங்கே இருந்த எடிட்டர், வேலை இல்லாத ஷார்ட்கட்டைத் தொட்டால் டொங்கென்று சத்தம் போடும். மனு அடிக்க வந்து நிற்பவர்கள் எல்லாரும் நான் எதையோ உடைத்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டார்கள், அது இன்னும் மோசம். ஆல்ட்டைக் கண்டுகொள்ளாமல் ஜேயை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்லுக்கு நடுவில் ஒரு எழுத்தைச் செருகிவிடும். என்னைக் கேட்டால், வேலை கொடுக்காத கீயைத் தட்டும்போது எடிட்டர் அடித்து வைத்ததில் கை வைக்கக் கூடாது. ஊரைக் கூட்டவும் கூடாது. வேண்டுமானால் கீழே ஓரமாக, இதற்கு வேலை ஒன்றும் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு மறைந்துவிடலாம்.

இப்படி நிம்மதியாக இருந்த கடையில்தான் அவள் வந்து சேர்ந்தாள். புவனகிரிப் பெண், என்னைவிடச் சின்னவள். வந்த கொஞ்ச நாளில் என் பக்கம் திரும்பி, "அக்கா, இந்த ஆல்ட் ஷார்ட்கட் எல்லாம் சும்மாதான கெடக்குது?" என்று கேட்டாள்.

"கெடந்துட்டுப் போவுது. உன்னய என்னா பண்ணுது?" என்றேன்.

அவளால் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவளுக்கு வருவது பெரும்பாலும் கோர்ட்டு மனு. ஆரம்பப் பத்தி ஒன்றேதான், முடிக்கும் பத்தியும் ஒன்றேதான். காலியாக இருந்த ஒவ்வொரு ஷார்ட்கட்டிலும் ஒரு பத்தியைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு கீயை அமுக்கினால் போதும், முழுப் பத்தி வந்து விழும். வக்கீல் குமாஸ்தாக்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பிறகு என் மேஜையில் கஸ்டமர் யாரும் இல்லாவிட்டாலும் அவள் மேஜைக்குப் பின்னால் நின்று காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். அவள் ஒழுங்காக விரல் வைக்கக்கூடத் தெரியாதவள். அவளோ ஒரு நாள் எழுந்து வந்து, "ஒங்களுக்கும் செட் பண்ணித் தரவா அக்கா? வேலை சீக்கிரம் முடியும்," என்று கேட்டாள். உதவிக்கு வந்தால் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "எனக்கு வெரல் இருக்குதும்மா," என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் ஓனர், மஞ்சக்குப்பத்தில் இன்னொரு கடை எடுத்திருப்பதாகவும், எங்கள் இரண்டு பேரில் ஒருவரை அங்கே பொறுப்பாக வைக்கப்போவதாகவும் சொன்னார். மஞ்சக்குப்பம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வருகிறவள். ஸ்கூல் விட்டு வரும் என் மகள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து அவர்கள் போடும் சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடை எனக்குத்தான் வர வேண்டும் என்று இருந்தேன். புவனகிரியில் இருப்பவளுக்குக் கடலூரில் என்ன வேலை?

மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தக்காரக் கல்யாணம் என்று அவள் லீவு போட்ட அன்று, பார்த்து என் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. தமிழில் பிஎச்.டி. செய்யும் ஒருவரின் ஆய்வேடு அவசரமாக முடிய வேண்டும். வெள்ளாற்றங்கரை ஊர்ப்பெயர்கள் பற்றியது. அவள் இடத்தில் உட்கார்ந்து அடித்தேன். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது, அவ்வளவு அழகு. பத்து வார்த்தைக்கு ஒரு முறை நின்றேன். நின்றபோதெல்லாம் விரல் தன் வேலையைப் பார்த்தது. ஹையர் படித்தவர்கள் கண்ணைத் தாளில் வைத்து அடிப்போம். திரையைப் பார்த்து அடிப்பது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

மறுநாள் காலை அந்த ஆய்வாளர் பிரிண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஓனர் முன்னால் நின்று உரக்கப் படித்தார். "இவ்வூர்ப் பெயர் ஆற்றின் போக்கால் அமைந்தது என்பர். மேற்படி மனுதாரராகிய நான் எந்தப் புறம்போக்கு நிலத்தையும் ஆக்கிரமிக்கவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ஆக்கிரமிக்கவில்லை. அடுத்ததில் வரிசையாக நான்கு தடவை ஆக்கிரமிக்கவில்லை.

அந்த மெஷினில் ஆல்ட்-ஜேவுக்கு அவள் வேலை கொடுத்திருந்தாள். யாரோ ஒருத்தி வேலை கொடுத்த கீ என்றால், இன்னொருத்தி உட்கார்ந்து தட்டும்போது எடிட்டர் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அது பாட்டுக்குப் பத்தி பத்தியாகக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"யாரும்மா பண்ணது இது?" என்றார் ஓனர்.

நான் மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மெஷின், அவள் வைத்த கீ, எனக்கு எப்படித் தெரியும் என்று தொடங்குவதாக இருந்தேன். அதற்குள் அவள் மருதாணி சிவந்த கையோடு எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். நான்தான் அந்த கீய மாத்தி வச்சன். அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும், மறந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

ஓனர் அவளைத் திட்டினார். காது குளிரக் கேட்டேன். கடை எனக்குத்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம்கூட, "இனிமே நீ வரும்போது அம்மா வீட்ல இருப்பேன்," என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஓனர் மஞ்சக்குப்பம் கடையை அவளிடம் கொடுத்தார். எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. "நான் கடலூர்லயே இருக்கறவ சார்," என்றேன்.

"தெரியும்மா," என்றார். "தனியா ஒரு கடையப் பாக்கறதுன்னா, தப்பு வந்தா என்னுதுன்னு சொல்ற ஆளு வேணும். அன்னிக்குப் பாத்த இல்ல?"

பார்த்தேன். அவள் என் கஸ்டமர்களைக் கொண்டுபோனபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது. என் கண், என் விரல், என் பழக்கம். இந்தக் கடையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.