அக்கா விண்ணப்பிக்க வந்த காலையில் சர்வர் படுத்தது

சர்வர் வேலை என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பதுளையில் பாலர் பாடசாலை ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் சிறிய நிலையம் ஒன்றின் இணையதளம் என் பொறுப்பு. அதை இயக்கும் ஜாவா சர்வரின் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். திரையின் கடைசி வரியில் சர்வர் தொடங்கிவிட்டதாக வந்தது. அதோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நமுனுகுலயிலிருந்து பஸ் ஏறி அக்கா வந்து நின்றாள். அவள் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலைப் பெரட்டில் கொழுந்து பறிப்பவர்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசை அவளுக்கு இன்று நேற்று வந்ததல்ல. எங்கள் நிலையத்தின் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அன்று நண்பகல்வரைதான் நேரம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், மெமரியைக் கூட்டினேன், இணைப்பைத் திட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

"ஏன்டி கடைசி வரியவே மொறச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் அக்கா. "மொதல் பேர்லருந்து கூப்புட்டாத்தானே யாரு வரலன்னு தெரியும்."

"ஒனக்கு இதுல என்ன தெரியும், சும்மா இரு" என்றேன். சொல்லிவிட்டு, சர்வர் எழுதிவைத்த லாக்கை மேலிருந்து படித்தேன். நடுவில் கிடந்தது வினை. விண்ணப்பப் பக்கத்தை இயக்கும் எங்கள் செயலி ஜாவா தொகுப்பு ஒன்றைப் பழைய பெயரில் கேட்கிறது. புதிய சர்வரில் அதன் பெயர் மாறிவிட்டது. பழைய செயலிகளுக்கென்றே அதில் தனி ஃபோல்டர் உண்டு. செயலியை அதற்குள் போட்டால் பெயர்களைச் சர்வரே மாற்றிக்கொள்ளும். போட்டேன். பக்கம் திறந்தது. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நான் அடித்துத் தருகிறேன் என்றதற்கு "கைய எடு" என்றாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவளே அடித்து, பதினொன்றரைக்கு அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"காலையிலருந்து தெறந்து பாத்து ஏமாந்தவங்க என்ன செய்வாங்க?"

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. "அவங்களும் வந்தா ஒனக்குத்தான் போட்டி" என்றேன்.

"இருக்கட்டும். நீ போய் பெரியவர்கிட்ட பேசு."

நிலையத் தலைவரிடம் போய்த் தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஐந்து மணிவரை நேரம் கொடுத்தார். பயிற்சி பற்றி முன்பே விசாரித்திருந்த எல்லோருக்கும் செய்தியைப் போனில் அனுப்பினோம். தெமோதரையிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது, எல்லவிலிருந்து இரண்டு. அக்கா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விண்ணப்பம் வரும்போதும், "இன்னொருத்தி வந்துட்டா" என்று என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான்.