வலது ஓரம்

என் கணவருக்குக் கரையில் நிற்கத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக, கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் பூட்டி, அலை உடையும் இடத்தில் மிதந்துகொண்டே அலைச்சறுக்குப் படங்கள் எடுக்கிறார். ஒன்பது படங்கள். ஒன்றிலும் பேச்சு கிடையாது, வெறும் இசைதான். ஊர் ஊராக வாடகை அரங்கில் திரையிட்டு, மைக்கோடு ஓரத்தில் நின்று அவரே கதை சொல்வார். புரொஜெக்டர் என் பொறுப்பு. வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே வெளுத்து வாங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அலையைக் காட்டலாம், இடத்தைக் காட்டக் கூடாது. தெரிந்துவிட்டால் மறுநாளே பலகைகளோடு கூட்டம் குவிந்துவிடும். ஒன்பதாவது படத்தின் பெரிய அலைக்கு இவரைக் கூட்டிப்போனவன் என் தம்பி. "மச்சான் இடத்தைக் காட்டமாட்டாரு, நான் பொறுப்பு" என்று அங்கே சறுக்குகிறவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குத் தவறினால் அந்தத் தண்ணீரில் அவன் மறுபடி கால் வைக்க முடியாது.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்வரிசை முழுக்கப் பலகைக்காரர்கள். நாலாவது வரிசையில் தம்பியும் அம்மாவும். மகன் கடலில் என்ன செய்கிறான் என்று அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை, பயம். நாற்பதாவது நிமிடத்தில் அவனுடைய வாழ்நாள் அலை வரும். அதற்காகவே கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான்.

மூன்றாவது நிமிடத்திலேயே இவர் பேச்சு தடுமாறியது. திரையின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்! வீட்டில் படத்தை வெட்டித் தொகுத்தபோது அது தெரியவே இல்லை. பாட்டு வந்ததும் என்னிடம் ஓடி வந்தார்.

"நம்ம வீட்டுப் பழைய மானிட்டர் படத்தோட ஓரத்தையெல்லாம் காட்டாம முழுங்கியிருக்கு. நாப்பதாவது நிமிஷத்துல, வலது பக்கம் ரேடியோ கோபுரம் நிக்கும். பாத்தா யாருக்கும் இடம் தெரிஞ்சுடும்."

"நிறுத்திடவா?"

"அத்தை வந்திருக்காங்களே."

அவ்வளவுதான், மைக்குக்குத் திரும்பிவிட்டார். முடிவை என் தலையில் கட்டியாயிற்று! கட்டியவரைக் கடித்துத் தின்னலாம் போலிருந்தது. நிறுத்தினால் அம்மா எதையும் பார்க்கமாட்டாள். ஓட்டினால் தம்பியின் வாக்கு போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தொன்பது தாண்டியது. அலை எழுந்தது. இடது கோடியிலிருந்து தம்பி சரேலென்று இறங்கினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வலப்பக்கம் பாய்ந்து வந்துகொண்டே இருந்தான். கேமராவும் அவனோடு திரும்பியது. கோபுரம் வருவதற்குள், புரொஜெக்டர் வெளிச்சத்தின் வலது பாதியில் கையை நீட்டினேன். தலைக்கு மேல் தண்ணீர் சுருண்டு மூட, தம்பி அதற்குள் நுழைந்து, அப்படியே என் கையின் நிழலுக்குள் மறைந்தான்.

"யார் கை அது? எடுங்க!" முன்வரிசை கத்தியது. விசில் பறந்தது. நான் கையை எடுக்கவில்லை. காட்சி மாறிய பிறகுதான் இறக்கினேன்.

தம்பி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த மூலையில் என்ன நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். அம்மா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உள்ள போனியே, அப்புறம்? வெளிய வந்தியா இல்லையாடா?"

"வந்துட்டேம்மா. உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."