திருகைத் தொடாதே

அக்கா கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். செய்முறைத் தேர்வன்று மைக்ராஸ்கோப்பை விட்டு அசைய மாட்டாள். "பாரு, ஆனா ஃபோகஸ் திருகைத் தொடாதே" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருப்பாள்.

அங்கேதான் அவளும் படித்தாள். மூன்று வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, கடைசிச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு முன்னால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அக்கா குனிந்தபோது வெறும் மங்கலான கோடு. தெரியாமல் கை பட்டிருக்கும், சொன்னால் தோழிக்கு மார்க் போகும் என்று வாயை மூடிக்கொண்டு 'தட்டைப்புழு' என்று எழுதினாள். இருந்தது ஹைட்ரா, குழியுடலி. வாயைச் சுற்றியுள்ள இழைகள் தெரிந்திருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். அந்த மார்க்கில் முதலிடம் தோழிக்குப் போயிற்று, பின்னாலேயே விரிவுரையாளர் வேலையும்.

இன்று அந்த மகராசிதான் துறைத் தலைவி. நேற்று ஆய்வகத்தில் அக்காவோடு டீ குடித்தபடி சிரித்தாளாம்.

"அன்னிக்கு நான்தான்டி திருகைத் திருப்பி வச்சேன். நீ ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நீ மாட்டிக்குவியேன்னுதான்."

இத்தனை வருஷமாய் இரண்டு டம்ளரையும் கழுவி வைத்த அக்கா, நேற்று தன்னுடையதை மட்டும் கழுவிவிட்டு வந்திருக்கிறாள்.