ஃபுளோரன்ஸில் நான்கு நாள், செம்மேட்டுக் கணக்கில்

வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒரு ஊர், மனசுக்குள் போக நினைப்பது வேறு ஊர். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் போடுவதுதான் பயண ஏற்பாடு செய்கிற நம் பிழைப்பு.

கொல்லிமலை செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிரே பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பழனிக்கு வேன், திருப்பதிக்கு ரயில், பாஸ்போர்ட் விண்ணப்பம், இவைதான் அன்றாடம். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்காக, என் கைக்கு வந்த முதல் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

வளைவு எத்தனை?

நம் மலையிலேயே உள்ள திருப்புலி நாட்டு மிளகு விவசாயி பொன்னுசாமி அண்ணன் ஒரு காலையில் மனைவி செல்வி அக்காவோடு கடைக்கு வந்தார். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் என்று ஒரு பழைய ஊர், மாதா கோயிலும் சிலையும் ஓவியமும் நிறைய இருக்கிறதாம், நாலு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய ஒரே மகள் ரேவதி அந்த ஊருக்குத்தான் படிக்கப் போனாள். அங்கேயே வேலை கிடைத்து, கூட வேலை பார்த்த இத்தாலிக்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தகவலே வந்தது. அன்றையிலிருந்து இரண்டு வருஷமாக அண்ணன் மகளிடம் போனில்கூடப் பேசவில்லை. மலையில் இது தெரியாதவர்கள் இல்லை.

ரேவதியைப் பார்க்கத்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அண்ணனோ நான் கேட்காத கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொன்னார், ஊர் பார்க்க மட்டும்தான் போகிறோம், வேறு சோலி இல்லை என்று. அக்காவுக்கு நம் மலைப்பாதையின் எழுபது வளைவையும் இறங்கி முடிப்பதற்குள் நாலு தடவை வாந்தி வந்துவிடும். அதனால் அண்ணனுக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான்: "அந்த ஊருக்குப் போற ரோட்டுல கொண்டை ஊசி எத்தனைன்னு மொதல்ல பாரு கண்ணு."

யார் வீட்டில் தங்குவீர்கள்?

விசா விண்ணப்பம் எனக்குப் புதுசு. அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் நாசர் பாயைக் கையோடு மலைக்கு அழைத்து வந்தேன். மெக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கு ஆட்களை அனுப்பிப் பழகியவர் அவர். விண்ணப்பத்தில் ஓரிடத்தில், தங்கப்போவது ஓட்டலிலா, அழைத்தவர் வீட்டிலா என்று கேட்டிருந்தது. பாய் அதை வாசித்துக் காட்டினார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டல் என்றார் அண்ணன், தேவைக்கு மேலே சத்தமாக.

தினமும் எங்கெங்கே போகிறார்கள் என்று ஒரு பட்டியலும் இணைக்க வேண்டும். அதை எழுதுவது என் பொறுப்பு. அவர்கள் கிளம்பிப் போனதும் பாயிடம் புலம்பித் தீர்த்தேன். அவ்வளவு தூரம் போய்ப் பெற்ற மகளைப் பார்க்காமல் திரும்பினால் அக்கா தாங்க மாட்டார், அந்தப் பாவம் நம் தலையில்தான் விடியும் என்றேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீம்பு புடிச்சவங்க யாரும் ஏழாயிரம் கிலோமீட்டர் போக மாட்டாங்கம்மா, நீ பட்டியல எழுது."

ஓட்டல்காரருக்கு ஒரு பொட்டலம்

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை எடை போட்டுப் பார்க்கக் கொண்டு வந்தார்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் விமானக் கணக்குக்கு மேலேயே இருந்தது. திறந்து பார்த்தோம். ஸ்வெட்டருக்கு அடியில் கிழங்கு அப்பளம் நான்கு கட்டு, பக்கத்தில் மிளகு இரண்டு கிலோ. அக்காதான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவசரமாக எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். அக்காவோ என்னைவிட அதிகமாக விழித்தார். வைத்தது அண்ணன்.

கிழங்கு அப்பளம் இல்லாமல் ரேவதிக்குச் சோறு இறங்காது என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் தம்முடைய சட்டை இரண்டை வெளியே எடுத்துப் போட்டு, அப்பளத்தைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். "அந்த ஓட்டல்காரருக்குத்தான். ஒருத்தரு எடத்துக்கு வெறுங்கையோடவா போறது?"

பத்தரைக்கே முடிந்த நாள்

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். நம் மலையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதென்றால், பஸ்ஸுக்குக் காத்திருக்க ஒரு மணி நேரம், அது வராவிட்டால் அடுத்ததுக்கு இன்னொரு மணி நேரம் ஒதுக்கித்தான் கணக்குப் போடுவோம். கை பழகிய பழக்கத்தில் ஃபுளோரன்ஸுக்கும் அப்படியே எழுதிவிட்டேன். காலை எட்டுக்குப் பெரிய மாதா கோயிலைச் சுற்றிப் பார்ப்பது, பதினொன்றுக்குச் சதுக்கத்துச் சிலைகள், இரண்டு மணிக்கு ஆற்றுப் பாலம். மூன்றும் பத்து நிமிஷ நடைக்குள் இருக்கின்றன என்பதை வரைபடத்தில் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மிளகுத் தோட்டத்தில் ஏறி இறங்கும் கால்களுக்கு அது ஐந்து நிமிஷம்.

அங்கே மணி பத்தரை இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். இன்றைக்குப் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று, ஓட்டலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறோம், இனி என்ன செய்வது என்று கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், ஜன்னலில் பார்த்தால் வடக்கே ஒரு குன்றும் அதன் மேல் ஒரு ஊரும் தெரிகிறது, அங்கே பஸ் போகுமா என்றார்.

அந்தக் குன்றின் மேல்தான் ரேவதியின் வீடு. அக்கா அனுப்பிய பார்சல்களில் அந்த விலாசத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். சொன்னால் பஸ் ஏறாமல் போய்விடுவாரோ என்று பயம். சொல்லாமல் அனுப்பினால் ஏமாற்றியதாகிவிடுமே என்றும் பயம். கடைசியில் ஏழாம் நம்பர் பஸ், அரை மணி நேரம் என்று மட்டும் சொல்லி, மேலே பேசாமல் நிறுத்திக்கொண்டேன். "செரி, வளைவு இருந்தா இருந்துட்டுப் போகுது. உங்க அக்காள ஜன்னலோரமா உக்கார வெச்சுக்கறேன்" என்று போனை வைத்தார்.

ரத்தான டிக்கெட்டுகள்

அன்று முழுக்கப் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அக்கா அழுதிருப்பாரோ, ரேவதி கதவைத் திறந்தாளோ இல்லையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நாமக்கல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவரிடம் இத்தாலி நேரத்தைச் சொன்னேன்.

மறுநாள் மதியம் அண்ணன் கூப்பிட்டார். மீதி மூன்று நாளைக்கு எடுத்த மியூசிய டிக்கெட், ஓட்டல் அறை எல்லாவற்றையும் ரத்து செய்துவிடு என்றார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண் குரல் தட்டுத் தடுமாறி மாமா, சாப்பிட வாங்க என்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அந்தக் குன்றில் ரேவதி இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணன் சொன்னார்: "வெலாசம் எனக்கு ரெண்டு வருசமா மனப்பாடம் கண்ணு. போறதுக்குத்தான் நேரம் அமையாம இருந்துது."

நேரம் போதவில்லை என்று வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியே பழகிய நான், நேரத்தை மிச்சம் வைத்து நல்ல பேர் வாங்கியது இந்த ஒரு தடவைதான், அதுவும் வரைபடம் பார்க்கத் தோன்றாததால்.