வாசிக்காமல் விட்ட வரி

செல்லையன் அத்தானைக் கொன்றவன் நான்தான்.

கத்தி எடுக்கவில்லை. கல் எறியவில்லை. என் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தை ஒலிபெருக்கியில் வாசித்தேன். அதன் கடைசி வரியை மட்டும் வாசிக்காமல் விட்டேன். அவ்வளவுதான்... அவ்வளவுதானா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான் மைக்செட் வைத்திருந்தேன். கல்யாணம், கோயில் கொடை, சபைக் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான் முழங்கும். போராட்டம் முற்றியதும் கூட்டங்களுக்குத் தடை வந்தது. என் பிழைப்பு படுத்துவிட்டது.

சும்மா இருக்க முடியாத ஜென்மம் நான்! கடை அறையிலிருந்து கம்பி இழுத்தேன். சந்தை முக்கில் ஒரு குழாய், சாயாக்கடைப் புளியமரத்தில் ஒன்று, சபை மதிலுக்கு வெளியே ஒன்று. லாரி பேட்டரியில் ஓடிய அந்த ஏற்பாட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர் சாமத்து ரேடியோ. ஞாயிறு தவிர தினமும் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும். பேய், மாடன், யட்சி, ஒற்றைப் பனையில் எரியும் விளக்கு... வேறு எதுவும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விசாரித்தார். "பிரேதக் கதை பறஞ்ஞோ. ராஷ்ட்ரீயம் வேண்டா" என்று அனுப்பிவிட்டார். பேய் பேசலாம், அரசியல் பேசக்கூடாது. சர்க்காருக்குப் பேய்கள்மேல் புகார் ஒன்றும் இல்லை.

சாயாக்கடையில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்திருந்தேன். கேட்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் அபிப்பிராயத்தையும் எழுதி அதில் போட வேண்டும். நான் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: இடம், நேரம், கண்டவர் பெயர் மூன்றும் இருந்தால்தான் வாசிப்பேன். தமிழிலும் மலையாளத்திலும் துண்டுச் சீட்டுகள் குவிந்தன. "நேற்று சொன்னது சுத்தப் பொய், எங்கள் வீட்டுக் குழந்தைகூடப் பயப்படவில்லை" என்று ஒருவர் திட்டுவார். "யட்சிக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும்" என்று இன்னொருவர் யோசனை சொல்வார்.

ஒன்றை மட்டும் சீக்கிரமே கண்டுகொண்டேன். இன்றைக்கு ஒரு சீட்டில் கால் இல்லாத பேயை வாசித்தால், நாளைக்குப் பத்துச் சீட்டுகளில் கால் இல்லாத பேய் வரும். கேட்டதையே கண்டதாக எழுதுவார்கள். ஆகவே எந்தச் சீட்டையும் நான் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது...

செல்லையன் அத்தான் என் மாமியின் ஒரே மகன். அப்பாவின் உடன்பிறந்தவளை எங்கள் பக்கம் மாமி என்போம். அத்தான் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஊர்வலத்தில் முன்னால் நின்று கோஷம் போட்டவன். ஊர்வலம் அடித்துக் கலைக்கப்பட்ட அன்று முழங்காலுக்குக் கீழே லத்தியடி பட்டு, இரவோடிரவாக என் கடைக்குத் தவழ்ந்துதான் வந்தான். போலீஸ் அவனைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தது.

ஊரின் தெற்கே பூட்டிக்கிடந்த ஒரு தறிப்புரை உண்டு. நெசவு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. தரையில் தறிக்குழிகள் மட்டும் வாய் பிளந்து கிடக்கும். அவனை அங்கே கொண்டு போட்டேன். தினமும் நிகழ்ச்சி முடிந்த பிறகு கஞ்சியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுபோவேன். மாமியிடம், "அத்தான் ஆரல்வாய்மொழி தாண்டிட்டான் மாமி. திருநெல்வேலியில சுகமா இருக்கான்" என்று சொல்லியிருந்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் தறிப்புரையை ஒட்டித்தான் கோட்டுகால் கடலோரத்திலிருந்து மீன்காரிகள் நடந்து வரும் ஒற்றையடிப் பாதை. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். என்ன செய்ய?

என் கையில் இருந்தது பயம் ஒன்றுதான். அதை எடுத்தேன்!

நானே ஒரு சீட்டு எழுதினேன். இடது கையால், கோணல் எழுத்தில். இடம்: பழைய தறிப்புரை. நேரம்: நடுச்சாமம். கண்டவர்: இல்லாத ஊரில் இல்லாத ஒரு ஆள். உள்ளே ஆளில்லாமல் தறி அடிக்கிறது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தான் தூக்கத்தில் முனகுவான் என்பது ஞாபகம் வந்தது. ஆகவே இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்: "அது மனுஷக் குரலில் கூப்பிடும். உங்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடும். பதில் சொன்னாலும் திரும்பிப் பார்த்தாலும் விடிவதற்குள் ரத்தம் கக்கிச் சாவீர்கள்."

அன்றிரவு அதை வாசித்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. மறுநாளே மீன்காரிகள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். அத்தானிடம் சொன்னேன். காலின் வலியையும் மறந்து சிரித்தான். "எலே ஞானம், என்னைப் பேயாக்கிட்டியே! செத்த பெறகு பாத்துக்கிடுவேன் கேட்டியா!" என்றான்.

அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் வந்து இறங்கியது. வடக்கேயிருந்து வந்த இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவன் இரவு என் கடை வாசலில் உட்கார்ந்து நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டான். முடிந்த பிறகும் போகவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் படுத்துக்கொண்டான். மோப்பம் பிடித்துவிட்டானா? என்னைப் பின்தொடரத்தான் காத்திருக்கிறானா? விடியும்வரை கண் மூடாமல் படுத்திருந்தேன். கஞ்சிப் பாத்திரம் மேசைக்கு அடியில் புளித்தது. பகலிலோ, முகாம் போலீஸ் கண்ணில் பட்டுவிடுவேனோ என்று அந்தப் பக்கமே போகவில்லை.

செவ்வாயும் வந்தான். அன்று தகரத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரரின் சீட்டு இருந்தது. தறிப்புரைக்குச் சற்றுத் தள்ளியுள்ள வண்டிப்பாதையில் போகும்போது தன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டது, மாட்டை விரட்டிக்கொண்டு தப்பினேன் என்று எழுதியிருந்தார். வழக்கம்போல் நான் சொன்னதையே எனக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று மனதுக்குள் சிரித்தேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். சந்தை முக்கில் பெண்கள் அலறியது கடைவரை கேட்டது.

அவருடைய பெயர் அத்தானுக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் வண்டியில்தான் நாங்கள் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டு போவோம். இது ஏன் அப்போது எனக்கு உறைக்கவில்லை? உறைத்ததா?

புதன்கிழமை இரவு. றோசம்மா என்ற மீன்காரி யாரிடமோ சொல்லி எழுதவைத்த சீட்டு. முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் நேரே மைக்கில் வாசிக்கத் தொடங்கினேன். "கிழக்கு வெளுக்கிறதற்கு முன்னே அவ்வழி வந்தேன். உள்ளேயிருந்து குரல் கேட்டது. தண்ணீ, தண்ணீ என்று கேட்டது. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லிக்கொண்டு ஓடினேன்..."

தண்ணீர்! நான் எழுதிய பேய் தண்ணீர் கேட்கவில்லையே!

வாய் வாசித்துக்கொண்டிருக்கையில் கண் கடைசி வரிக்குப் போய்விட்டது. "மைக்செட் ஞானத்தைக் கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னது. உங்கள் பெயர் பேய்க்கு எப்படித் தெரியும்?"

மைக் திறந்திருக்கிறது. மூன்று குழாய்களின் கீழும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே பெஞ்சில் கான்ஸ்டபிள், என் வாயையே பார்த்தபடி. அந்த வரியை வாசித்தால் என் பெயரும் அந்த இடமும் ஒன்றாக ஊருக்குள் போகும். லத்தி, லாக்கப், வீங்கிப்போன அத்தானின் கால்... எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன.

"சீட்டு இத்துடன் முடிகிறது" என்றேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் மாமி கடைக்கு வந்தாள். அவளும் தினமும் சபை மதிலருகே நின்று கேட்பவள்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எலே மக்கா, ராத்திரி ஒறக்கமே இல்ல. அது தண்ணி கேக்குதாம் பாத்தியா. பேயானாலும் யாரோ பெத்த பிள்ளை ஆக்கும். ஒரு சொம்பு தண்ணி கொண்டு வச்சிட்டு வரட்டா?"

"வேண்டாம் மாமி!" என்று கத்திவிட்டேன். "ரத்தம் கக்கிச் சாவணுமா?"

அவள் பயந்துபோய்ச் சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆம், கையோடு கொண்டுவந்திருந்தாள். நிறையத் தண்ணீர் இருந்தது. அவனைப் பெற்றவள் அவனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீரை நான் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, கான்ஸ்டபிள் எழுந்து முகாமுக்குப் போனவுடன் ஓடினேன். அத்தான் வாசலுக்கு உள்ளே குப்புறக் கிடந்தான். கால் கறுத்திருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. காலிக் குடம் உடைந்து பக்கத்தில் கிடந்தது. ஒரு கை கதவுக்கு அடியில் வெளியே நீண்டிருந்தது. அந்தக் கையைத் தாண்டித்தான் மீன்காரிகள் ஓடியிருக்கிறார்கள்.

தறிக்குழி ஒன்றில் அவனை இறக்கி மண் போட்டேன். ஜெபம்கூட வாய்க்குள் முழுதாக வரவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கான்ஸ்டபிளுக்கு மாற்றல் வந்தது. விடைபெறும்போது வெட்கத்தோடு சொன்னான்: "ஞானம் அண்ணா, சத்தியம் பறயாமல்லோ. கத கேட்டால் பின்னெ ஒற்றய்க்கு நடக்கான் பேடியா. அதாணு இவிடெக் கிடந்நது." கதை கேட்ட பிறகு தனியாக நடக்கப் பயம்! அதற்காகத்தான் என் பெஞ்சில் படுத்திருக்கிறான்! அவன் எதையும் மோப்பம் பிடிக்கவில்லை. என் பேய்க்குப் பயந்து அவன் என்னைக் காவல் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பயந்து நான் அத்தானைச் சாகவிட்டேன்.

அதே வாரம் றோசம்மாவிடமிருந்து இன்னொரு சீட்டு வந்தது. "இப்போது தறிப்புரையில் சத்தம் இல்லை. நீங்கள் ஊரறியச் சொன்னதால்தான் அது ஒழிந்துபோயிற்று. பயமில்லாமல் நடக்கிறோம். உங்களுக்கு நன்றி." அதை மைக்கில் ஒரு வரிகூட விடாமல் வாசித்தேன். சாயாக்கடையில் கைதட்டினார்கள்.

மறுநாள் கம்பிகளைச் சுருட்டிவிட்டேன். பேட்டரி கெட்டுவிட்டது என்று சொன்னேன்.

பிறகு எல்லை பிரிந்தது. கோடு களியக்காவிளையில் விழுந்தது; நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்திலேயே நின்றுபோனோம். ஓடிப்போனவர்களும் ஜெயிலுக்குப் போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாமி ரோட்டோரம் நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். "திருநெல்வேலியில கல்யாணம் காச்சி ஆயிருக்கும், அதாக்கும் வரல்ல" என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. அந்த நம்பிக்கையோடே அவளைப் புதைத்தோம். பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன்.

இங்கே முடித்துவிடலாம் என்றிருந்தேன். நீங்களும் ஏதோ பாவம், சின்ன வயது, போலீஸ் பயம் என்று என்னைப் பாதி மன்னித்திருப்பீர்கள்.

ஆனால் இதிலும் ஒரு வரியை விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை நான் போனேன். மாமி திரும்பிப்போன அன்று மாலையே, கான்ஸ்டபிள் வருவதற்கு முன், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். பாதையில் ஒரு குருவி இல்லை. போலீசும் இல்லை. கதவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஞானம்..."

அது அத்தானின் குரலாக இல்லை. உலர்ந்து, கிழிந்து, யாருடையதோ போலிருந்தது. மறுபடியும் கூப்பிட்டது. அப்போது என் இடது கை எழுதிய அந்த இரண்டு வரிகள் என் குரலிலேயே, மூன்று குழாய்களிலும் ஒலித்த அதே குரலில், எனக்குள் கேட்டன. மனுஷக் குரலில் கூப்பிடும்... பெயரைச் சொல்லியே கூப்பிடும்...

நான் எழுதிய பொய்யை நானே நம்பினேன்! பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டது.

வெள்ளிக்கிழமை நான் பார்த்தபோது, கதவுக்கு அடியில் நீண்டிருந்த அந்தக் கையின் விரல்கள் என் பாத்திரம் விழுந்த திசையைப் பார்த்திருந்தன. நீர் கொட்டிய இடத்தில் மண் காய்ந்து இறுகியிருந்தது.

இன்றைக்கும் எவரேனும் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. காது மந்தம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.