தனக்காக அண்ணன் செய்த ஒரே போன்

நான் வளர்ந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில். அப்பாவின் கால் படகில் நசுங்கியபோது அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். மறு வாரமே அவன் கடலுக்குப் போனான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இருந்தேன். வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கூடிப் பேசி முடிவெடுத்ததாக நினைவில்லை.

மதுரையில் நர்சிங் முடித்ததும் பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அண்ணன்தான் கொண்டுவந்து விட்டான். அங்கே மூன்று வருஷம். வலி என்பதை அங்கே மலையாளத்தில் வேதனை என்பார்கள். முதல் மாதம் முழுக்க, இந்த ஊரில் எல்லோருக்கும் ஏதோ பெரிய துக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்து வருகிறவர்கள் தமிழ் பேசினார்கள். அந்த நிம்மதியிலேயே தங்கிவிட்டேன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருப்பவரைக் கல்யாணமும் செய்துகொண்டேன்.

ஊரில் அண்ணன் என்னை டாக்டராகவே ஆக்கிவிட்டான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், குழந்தை பால் கக்கினாலும், "இரி, எந் தங்கச்சிட்ட கேப்போம்" என்று போனைப் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். வாரத்துக்கு நாலு போன். சில நாள் எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் பதில் சொல்வேன். நான் சொல்லி முடித்ததும், "பாத்தியளா?" என்று அவன் பக்கத்திலிருப்பவர்களிடம் கேட்பது எனக்குக் கேட்கும்.

அன்று தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோடு வராந்தா நிறையப் பெண்கள். கொழுந்து எடுக்கத் திரும்பவேண்டிய அவசரம் எல்லோருக்கும். ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டு போனைத் தோளில் இடுக்கினேன்.

"அண்ணே, இன்னைக்குக் கூட்டம். யாருக்கு என்ன? சட்டுனு சொல்லு."

"எனக்குத்தாம்ட்டி. காலைலருந்து நெஞ்சு எரிஞ்சிக்கிட்டே கெடக்கு."

"ராத்திரி என்ன தின்ன?"

"நண்டு. தோளும் கடுக்கு."

"வலை இழுக்குற தோளு கடுக்காம என்ன செய்யும்? வயித்துல வாயுதான். வெந்நீ குடிச்சிட்டுப் படு. சாயந்தரம் பேசுதேன்."

"சரிட்டி. நீ வேலையப் பாரு."

எந்தத் தோள், இடதா என்று நான் கேட்கவில்லை. லயத்தில் ஒரு கிழவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தால் என் வாயில் வரும் முதல் கேள்வி அதுதான். அவனிடம் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் மைனியின், அண்ணன் மனைவியின், எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தவன் எழவே இல்லை என்றார்.

என் கணவர் ஜீப் பிடித்துவந்தார். போடிமெட்டு இறங்கும்வரை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது அவனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நெற்றியில் கைவைக்கக்கூட முடியவில்லை. கண்ணாடிதான் இருந்தது. அவனுக்கு நாற்பத்தொரு வயது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மைனி அவனுடைய போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா உங்கிட்டதான் பேசியிருக்காவ. என்ன சொன்னாவ, நீ என்ன சொன்ன?"

சும்மா விசாரித்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. நண்டு, தோள், வெந்நீர், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. போனின் திரையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நா ஆசுபத்திரிக்குப் போவோம்னுதான் சொன்னேன். தங்கச்சி ஒண்ணுமில்லன்னுட்டான்னு சிரிச்சாவ. நீ 'போ'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பாவளே."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். நெஞ்சு எரிகிறது என்று யார் வந்தாலும் ஜீப் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "எல்லாரையும் அனுப்பினா நாம எதுக்கு சிஸ்டரே?" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். அப்படி அனுப்பியவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே மாரடைப்பு. பிழைத்துவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு வருஷமும் அவன் நினைவு நாளுக்கு ஊருக்குப் போனேன். மைனி சோறு போடுவாள், பேசமாட்டாள். நான்காம் வருஷம், கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"இனி வராத, என்ன? உன்னயப் பாத்தா அன்னைக்கு நடந்ததெல்லாம் திரும்ப நடக்கு எனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொள்கிறவளைப் போலத்தான் சொன்னாள்.

"சரி மைனி" என்றேன். அவள் கையைத் தொடலாமா என்று யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கடல் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி.